300 டாலருக்கு ஒரு சான்றிதழ்: கிரீன் பே பேக்கர்ஸ் பங்கு வாங்கலாமா?

டிவிடெண்ட் கிடையாது. சந்தையில் விற்க முடியாது. விலை ஏறாது. சீசன் டிக்கெட்டில் முன்னுரிமையும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ், 2021 நவம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை விற்ற பங்கின் லட்சணம் இது. விலை 300 டாலர், அதற்கு மேல் கையாளும் கட்டணம் 35 டாலர். இருந்தும் 6 கோடி டாலருக்கு மேல் வசூலானது.

முதலீடு என்று பார்த்தால் பூஜ்யம் மதிப்பெண்தான். அதை அணியும் மறைக்கவில்லை. லாப நோக்கத்தில் வாங்காதீர்கள் என்று விற்பனை ஆவணத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் இப்படி ஒரு சரக்கை ஏன் விற்கிறார்கள், அந்தப் பணம் எங்கே போகிறது என்று துருவினால், சுமார் 1.07 லட்சம் பேர் வாழும் ஊரில் ஒரு என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தலையாய லீக்) அணி எப்படிப் பிழைக்கிறது என்ற கணக்கு முழுக்கப் பிடிபடும்.

பணம் கட்டியவர் கைக்கு வருவது பெயர் அச்சிட்ட சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் தனி. அதற்கும் அணியின் கடையே தயாராக இருக்கிறது. ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு, அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு, 'உரிமையாளர்' என்று பொறித்த தொப்பியைக் காசு கொடுத்து வாங்கும் பாக்கியம். அவ்வளவுதான். சீசன் டிக்கெட்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையில் காத்திருக்கின்றன. பங்குதாரர் என்றாலும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும்.

இனி பணக் கணக்கு. என்.எஃப்.எல். அணிகளில் ஆண்டுதோறும் தன் வரவு செலவைப் பொதுவில் வைப்பது பேக்கர்ஸ் மட்டுமே. மற்ற அணிகள் தனியார் கையில் இருப்பதால் அவற்றின் ஏடுகள் வெளியே வருவதில்லை. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பேக்கர்ஸின் மொத்த வருவாய் 71.91 கோடி டாலர். இதில் 43.26 கோடி லீக்கின் பொதுப் பானையிலிருந்து வந்தது. பானை 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிவதால், அந்த ஒரு எண்ணை 32-ஆல் பெருக்கினால் லீக் பங்கிட்ட மொத்தத் தொகை சுமார் 1,384 கோடி டாலர் என்று கிடைத்துவிடுகிறது. விளையாட்டு நிருபர்கள் இந்த அறிக்கைக்காகக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பானையில் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமைப் பணம். 1961-க்கு முன் ஒவ்வொரு அணியும் தன் ஆட்டங்களைத் தானே தொலைக்காட்சிக்கு விற்றது. நியூயார்க் அணிக்கு ஒரு விலை, கிரீன் பேக்கு ஒரு விலை. லீக் ஆணையர் பீட் ரோசெல் எல்லா அணிகளின் உரிமையையும் ஒரே கட்டாக விற்று, சமமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குச் சட்டத் தடை வந்தபோது, நாடாளுமன்றம் அதே ஆண்டு விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றி வழிவிட்டது. பெரிய சந்தையைக் கையில் வைத்திருந்த நியூயார்க் ஜயன்ட்ஸின் மாரா குடும்பம் இதற்குச் சம்மதித்தது. சம்மதிக்காமல் போயிருந்தால் இன்று இந்தச் சான்றிதழை அச்சடிக்க அணியே மிஞ்சியிருக்காது.

டிக்கெட் பணம் சமமாகப் பிரிவதில்லை. வசூலில் 34 சதவீதம் வருகை அணிகளுக்கான பொது நிதிக்குப் போகும். மீதியைச் சொந்த மைதான அணி வைத்துக்கொள்ளும்.

செலவுப் பக்கம் பெரியது வீரர் சம்பளம். 2024 சீசனில் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்று லீக் வகுத்த சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர், வீரர் நலச் செலவு மேலும் 7.4 கோடி. இரண்டையும் கூட்டினால் 32.94 கோடி. பொதுப் பானையிலிருந்து வந்த 43.26 கோடியில் இதைக் கழித்தாலும் 10 கோடிக்கு மேல் மிஞ்சுகிறது. ஒரு டிக்கெட்கூட விற்காமலே வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று அர்த்தம். சின்ன ஊர் அணி பெரிய ஊர் அணிக்கு ஈடான சம்பளம் கொடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

பின் ஏன் பங்கு விற்க வேண்டும்? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

மைதானத்தின் சொகுசு அறை வாடகை, உணவு, பானம், விளம்பரப் பலகை, சொந்தக் கடை வியாபாரம் ஆகியவை பானைக்குப் போவதில்லை. அந்தந்த அணிக்கே சொந்தம். பேக்கர்ஸுக்கு இந்த உள்ளூர் வருவாய் அதே நிதியாண்டில் 28.64 கோடி டாலர். டல்லாஸ் கவ்பாய்ஸ் போன்ற பணக்கார அணிக்கு இந்த வகையில் வரும் தொகை இதைவிட மிகப் பெரியது. அது அவர்கள் பாடு என்று விட்டுவிடவும் முடியாது. வீரர்களின் பங்கு லீக்கின் மொத்த வருவாயில் குறைந்தது 48 சதவீதம் என்பது லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தம். உச்சவரம்பும் அதிலிருந்துதான் கணக்காகிறது. அந்த மொத்தத்தில் டல்லாஸின் உள்ளூர் வருவாயும் அடக்கம். டல்லாஸ் புதிதாக ஒரு விளம்பர ஒப்பந்தம் போட்டால் எல்லா அணிகளின் உச்சவரம்பும் கொஞ்சம் ஏறும். வருவாய் டல்லாஸுக்கு, கூடுதல் சம்பளச் சுமை கிரீன் பேக்கும். உள்ளூர் வருவாயில் பின்தங்கினால் இந்த இடைவெளி வருஷா வருஷம் அகலும். எனவே மைதானத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மைதானத்தின் லாம்போ என்ற பெயரை நிறுவனங்களுக்கு விற்க மனமில்லாமல் நுழைவாயில்களின் பெயரை விற்பது, மைதானத்துக்கு எதிரே டைட்டில்டவுன் என்ற வணிக, பொழுதுபோக்கு வளாகம் கட்டியது எல்லாம் இந்த ஓட்டத்தின் பகுதிதான்.

பங்கு விற்ற பணத்தை மைதானப் பணிக்குத்தான் செலவிடலாம், வீரர் சம்பளத்துக்கு அல்ல. 2011-ல் 250 டாலர் விலையில் திரட்டிய சுமார் 6.7 கோடி மைதான விரிவாக்கத்துக்குப் போனது. 2021 வசூல் வீடியோ பலகைகளுக்கும் நடைக்கூடச் சீரமைப்புக்கும் போனது. "என் 300 டாலரில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) வாங்குவார்கள்" என்று நினைத்துக் கட்டியவர்கள் கட்டியது திரைக்கு.

கைக்காசு விஷயம் தனி. ஒரு வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி டாலர் ஒப்பந்த போனஸ் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்புக் கணக்கில் அது ஆண்டுக்கு 1 கோடியாகப் பிரியும். ரொக்கமோ ஆரம்பத்திலேயே போய்விடும். மற்ற அணிகளில் கோடீஸ்வர முதலாளி காசோலையில் கையெழுத்துப் போடுவார். பேக்கர்ஸில் அப்படி ஒருவர் இல்லை. அதனால்தான் 50 கோடி டாலருக்கு மேல் இருப்பு நிதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு ரசிகரிடம் கையேந்துவதா என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மோசமான ஆண்டில் காப்பாற்ற அந்த நிதியை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஓட்டுரிமை பற்றி விற்பனையின்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. 1997 விற்பனைக்கு முன் இருந்த பங்குகள் 4,627. அவை ஒவ்வொன்றும் ஆயிரமாகப் பிரிக்கப்பட்டு 46 லட்சத்தைத் தாண்டின. 1997, 2011, 2021 ஆகிய மூன்று விற்பனைகளிலும் போன பங்குகளைச் சேர்த்தாலும் 6 லட்சத்தைத் தொடாது. ஆக, 200, 250, 300 என்று கொடுத்து வாங்கிய அத்தனை பேரும் ஒன்றுகூடி ஓட்டுப் போட்டாலும், தாத்தா காலத்தில் 5 டாலருக்கும் 25 டாலருக்கும் வாங்கியவர்களின் வாரிசுகளை அசைக்க முடியாது. அன்றாட முடிவெல்லாம் ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவின் கையில். கூட்டத்துக்குப் போங்கள், மைதானத்தில் உட்காருங்கள், பயிற்சியாளரை மாற்றிவிடலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.

இப்போது விற்பனை நடக்கவில்லை. 1923-லிருந்து ஆறு முறைதான் நடந்திருக்கிறது. இடையில் யாராவது "பேக்கர்ஸ் பங்கு விற்பனைக்கு" என்று இணையத்தில் காட்டினால் அது காகிதம் மட்டுமே. அணியின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாது. பெயர் மாற்றம் நெருங்கிய குடும்பத்தாருக்குத்தான், அதுவும் அன்பளிப்பாகவோ வாரிசாகவோ. வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அணியிடம் திருப்பிக் கொடுத்தால் கட்டிய தொகையில் ஒரு துளிதான் வரும். அணியே கலைந்தாலும் சொத்து அணியின் அறக்கட்டளைக்குப் போகும், பங்குதாரருக்கு அல்ல. லாப நோக்கமற்ற அமைப்பு என்ற பெயரைப் பார்த்து நன்கொடை என வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது.

அடுத்த விற்பனை வந்தால் ஒரு பங்கு போதும். இரண்டாவது பங்கு இன்னொரு ஓட்டைத் தவிர எதையும் தராது. பிள்ளைக்கு என்றால் முதலிலேயே பிள்ளை பெயரில் பதிவு செய்யுங்கள். பின்னால் மாற்றும் படிவ வேலை மிச்சம். வீடு மாறினால் முகவரியை அணிக்குத் தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டுச்சீட்டும் கூட்ட அழைப்பும் பழைய வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.