கணினி நிர்வாகி காணக்கூடாத கோப்புகள்: எந்தப் பூட்டு தாங்கும்?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருபது முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் பலவற்றில் சேவையகத்தைப் பராமரிக்கும் கணினி நிர்வாகி ஒரேயொருவர்தான். சம்பளப் பட்டியல், கடன் கேட்டவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், ஒழுக்காற்று விசாரணைக் கடிதங்கள் எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அவரைச் சந்தேகிப்பதற்காக இதை எழுதவில்லை. ஏதாவது கசிந்தால் முதற்பழி அவர்மீதுதான் விழும். திறக்கவே முடியாத கோப்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பலரும் முதலில் செய்வது, கோப்புறையின் அனுமதிப் பட்டியலிலிருந்து நிர்வாகியை நீக்குவது. விண்டோஸில் இது வெறும் கதவு சாத்தல். அவர் கோப்பின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடலாம். முழு வன்தட்டையும் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரும் இதற்கு உதவாது. வன்தட்டு களவு போனால் அது காக்கும். சேவையகம் இயங்கும்போது நிர்வாகிக்கு எல்லாம் திறந்தே இருக்கும். கோப்புகளைத் தனித்தனியே பூட்டும் விண்டோஸின் இஎஃப்எஸ் மறைகுறியாக்கத்திலோ (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது), டொமைன் வலையமைப்பில், அதாவது கணினிகள் எல்லாம் ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கப்படும் வலையமைப்பில், மீட்பு அதிகாரம் இயல்பாகவே நிர்வாகிக் கணக்கிடம் போய்ச் சேர்கிறது.

எனவே உண்மையான போட்டி வெராகிரிப்ட், கிரிப்டோமேட்டர் என்ற இரு மறைகுறியாக்க மென்பொருள்களுக்கு இடையில்தான். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இரண்டிலும் கடவுச்சொல் நிர்வாகியிடம் போவதில்லை. வெராகிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்புக்குள் அடைக்கிறது. கணக்காளரும் முகாமையாளரும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து எழுத முடியாது. இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை: உள்ளே எதை மாற்றினாலும் வெளிக்கோப்பின் திகதி இயல்பாக மாறாது. திகதி பார்த்துக் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். கிரிப்டோமேட்டர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மறைகுறியாக்குவதால் மாறியது மட்டும் பிரதியாகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே நிர்வாகி தன் காப்புப் பிரதி வேலையைச் செய்யலாம். சிறிய அலுவலகத்துக்கு நான் இதையே தேர்வேன்.

ஆனால் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் கணினியும் அதே நிர்வாகியின் பிடியில் இருந்தால், விசைத் தட்டல்களைப் பதியும் நிரலொன்றே போதும், எல்லாம் வீண். இந்தக் கோப்புகளைத் திறக்கும் மடிக்கணினி டொமைனுக்கு வெளியே இருக்க வேண்டும்.

கண்காணிப்புப் பதிவுகளை நம்புவோரும் உண்டு. கோப்பு அணுகலைப் பதியும் தணிக்கை வசதியை இயக்கிவிட்டால் கோப்பைத் தொட்டவர் யார் என்பதை விண்டோஸ் 4663 என்ற எண்ணில் குறித்துவைக்கும். அந்தப் பதிவுகளை அழித்தால் 1102 என்ற எண்ணில் இன்னொரு பதிவு விழும். அவை அவர் நிர்வகிக்காத வேறொரு கணினிக்கு உடனுக்குடன் போனால்தான் பயன். அப்போதும் இது நடந்த பின் தெரியவருவது. நடக்காமல் தடுப்பது அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில் வாடிக்கையாளரின் விவரத்துக்கு அது போதாது.

இனி கடவுச்சொல் தெரிந்தவர் திடீரென இல்லாமல் போனால்? கிரிப்டோமேட்டர் மீட்புத் திறவுகோல் ஒன்றைத் தருகிறது. அதை அச்சிட்டு, உறையிலிட்டு, இருவர் கையொப்பமிட்டு வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வாவியோரத் தாழ்நிலத்தில் இருக்கும் அலுவலகத்தின் கீழ்த்தள அலுமாரி வேண்டாம்; மாரி வெள்ளம் வந்தால் கோப்பும் திறவுகோலும் சேர்ந்தே போய்விடும்.