சேலைக் கடைத் தளத்தில் மீன் விலை: எந்தத் திருத்தம் தேறும்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை, காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரி. இருவருக்கும் ஒரே ஆள்தான் இணையதளம் செய்து கொடுத்தார். செலவைக் குறைக்க, இரண்டையும் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) உபுண்டு என்ற லினக்ஸும் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி என்ற வெப் சர்வரும் போட்டு ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் துணிக்கடைக்காரர் போன் போடுகிறார்: “இன்னாப்பா, நம்ம கடை பேரைப் போட்டா வஞ்சிரம் விலை வருது!”

தேடிப் பார்த்தால் வைத்தியம் நாலைந்து கிடைக்கும். பழைய முகப்பு ஃபைலை அழி, எச்டிஅக்சஸ் (ஃபோல்டருக்குள் வைக்கும் அமைப்பு ஃபைல்) போடு, விர்ச்சுவல் ஹோஸ்டை (ஒரே சர்வரில் ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் தனி அமைப்பு) திருத்து, ரீடைரக்ட் கொடு, பேசாமல் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்கு மாறு. ஒவ்வொன்றும் யாருக்காவது பலித்திருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நோய்க்கான மருந்து அல்ல.

பக்கத்து வீட்டுத் தளம் வந்தால், சர்வர் தவறான விர்ச்சுவல் ஹோஸ்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உபுண்டு அப்பாச்சி தானாக வைக்கும் “இட் வொர்க்ஸ்” பக்கம் வந்தால் இரண்டில் ஒன்று: தளம் தவறு, அல்லது தளம் சரி, எடுத்த ஃபைல் தவறு. 403 ஃபர்பிடன் (அனுமதி இல்லை) என்றோ ஃபைல் பட்டியலோ வந்தால், முகப்பு ஃபைலே கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதைப் பிரவுசரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பழைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டும். பக்கத்தைக் கட்டளையால் நேரே கேட்டு வாங்கும் கர்ல் போதும். அப்பாச்சி2சிடிஎல் கட்டளையோடு பெரிய எஸ் (-S) கொடுத்தால், எந்தப் பெயர் எந்த ஹோஸ்டுக்குப் போகிறது, எது டீஃபால்ட் (பெயர் பொருந்தாதபோது வருவது) என்று வரிசையாகக் காட்டிவிடும். பாதித் தகராறு அங்கேயே தீரும்.

இனி வைத்தியங்கள். முதலில் அழிப்பது. வேர்ட்பிரஸ் ஏற்றியும் பழைய பக்கமே வருகிறது என்றால் இதுதான் வேகமான வழி. உபுண்டு, டெபியன் அப்பாச்சியில், எந்த ஃபைலை முகப்பாக எடுப்பது என்று சொல்லும் டைரக்டரிஇன்டெக்ஸ் வரிசையில் இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் முதலில் நிற்கும், வேர்ட்பிரஸின் இன்டெக்ஸ் டாட் பிஎச்பி அதற்குப் பின்னால்தான். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எச்டிஎம்எல் ஜெயிக்கும். அழிப்பதைவிடப் பெயரை மாற்றி வைப்பது நல்லது. ஆனால் சேலைக்குப் பதில் மீன் வரும் நோய்க்கு இந்த மருந்தைக் கொடுத்தால், மீன்காரரின் முகப்பும் சேர்ந்து காணாமல் போகும்.

எச்டிஅக்சஸ் ஃபைலில் டைரக்டரிஇன்டெக்ஸ் வரி எழுதுவது இரண்டாவது. ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பங்குபோடும் சர்வர்) வாங்கியவருக்கு மெயின் கான்ஃபிகரேஷனைத் தொட அனுமதி கிடையாது, அவருக்குப் பெரும்பாலும் இதுதான் கதி, தப்பில்லை. சொந்த விபிஎஸ்ஸில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உபுண்டுவில் தளங்கள் இருக்கும் வார் டபிள்யூடபிள்யூடபிள்யூ (/var/www) ஃபோல்டருக்கு அலவ்ஓவர்ரைடு நன் (எச்டிஅக்சஸுக்கு எந்த அனுமதியும் இல்லை) என்றுதான் போட்டு வருகிறது. எழுதிய ஃபைலை அப்பாச்சி திரும்பிக்கூடப் பார்க்காது, எர்ரரும் காட்டாது. அலவ்ஓவர்ரைடில் வேறு எதையோ திறந்துவிட்டு, டைரக்டரிஇன்டெக்ஸ் வரிக்கு அனுமதி தரும் இன்டெக்சஸை விட்டுவிட்டால் 500 எர்ரர் (சர்வர் கோளாறு) வரும். எல்லாம் சரியாக அமைந்தாலும், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டராக அந்த ஃபைலைத் தேடிப் படிக்கும் வேலை கூடுதல்.

என் ஓட்டு விர்ச்சுவல் ஹோஸ்டைத் திருத்துவதற்குத்தான். துணிக்கடைத் தளத்தில் மீன் வந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிரவுசர் கேட்கும் பெயர் எந்த ஹோஸ்டின் சர்வர்நேம் (முதன்மைப் பெயர்), சர்வர்அலியாஸ் (கூடுதல் பெயர்) வரியோடும் பொருந்தாவிட்டால், அப்பாச்சி முதலில் படித்த ஹோஸ்டைக் காட்டும். ஹோஸ்ட் ஃபைல்களைப் பெயர் வரிசையில்தான் படிக்கிறது. டீஃபால்ட் தளத்தின் பெயருக்கு முன்னால் மூன்று பூஜ்யம் இருப்பது அதற்காகவே. அதை யாரோ “தேவையில்லை” என்று ஏ2டிஸ்சைட் கட்டளையில் அணைத்துவிட்டால், அடுத்தது மீன்காரரின் ஃபிஷ் டாட் கான்ஃப், அதற்கப்புறம்தான் சாரீ டாட் கான்ஃப். துணிக்கடைக்காரர் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்து அடித்திருப்பார், சர்வர்அலியாஸில் அது விட்டுப்போயிருக்கும். வஞ்சிரம் வந்த கதை இவ்வளவுதான்.

எச்டிடிபிஎஸ் வரும் 443 போர்ட்டிலும் இதே கூத்து தனியாக நடக்கும். துணிக்கடைக்கு சாதா எச்டிடிபி வரும் 80-இல் மட்டும் ஹோஸ்ட் எழுதி, மீன்காரருக்கு மட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் போட்டிருந்தால், எச்டிடிபிஎஸ் முகவரியில் வருபவருக்கு முதலில் சான்றிதழ் எச்சரிக்கை, அதையும் தாண்டிப் போனால் மீன். இரண்டு போர்ட்டுக்கும், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது இல்லாதது என இரண்டு பெயருக்கும் ஹோஸ்ட் எழுதி, டைரக்டரிஇன்டெக்ஸ் வரிசையையும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். அப்படி எழுதும் வரிசை பொது வரிசைக்குப் பதிலாக நிற்கும். ஆனால் ஒரே இடத்தில் அந்த வரியை இரண்டு முறை எழுதினால், இரண்டாவது முதலாவதை மாற்றாது, பின்னால் ஒட்டிக்கொள்ளும். பிறகு கான்ஃபிக்டெஸ்ட் (எழுதியதில் பிழை உண்டா என்று பார்ப்பது), அப்புறம் ரீலோடு (புது அமைப்பை எடுத்துக்கொள்ளச் சொல்வது). இந்த வழிக்கு நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து வேறு யார் வந்து பார்த்தாலும் அவருக்குப் புரியும்.

ரீடைரக்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகப்பிலிருந்து வேறு முகவரிக்குத் தள்ளிவிட்டால் நோய் உள்ளேயே இருக்கும். 301 (நிரந்தர மாற்றம்) கொடுத்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் எடுத்த பிறகும் பழைய வாடிக்கையாளர் அங்கேயே போவார். கொடுத்தே தீர வேண்டுமானால் 302 (தற்காலிக மாற்றம்).

கடைசியாக, என்ஜின்எக்ஸுக்கு மாறுவது. இதைச் சிலர் சர்வரோகநிவாரணி மாதிரி சொல்கிறார்கள். டீஃபால்ட் எது என்பதை, எந்தப் போர்ட்டில் கேட்பது என்று சொல்லும் லிசன் வரியில் டீஃபால்ட்_சர்வர் என்று வெளிப்படையாக எழுதலாம், தெரியாத பெயரில் வருபவருக்கு 444 என்று பதிலே இல்லாமல் இணைப்பை மூடலாம். இவை அப்பாச்சியைவிடத் தெளிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீஃபால்ட்_சர்வர் எழுதாவிட்டால் இங்கும் முதலில் படித்ததுதான் டீஃபால்ட். எச்டிஅக்சஸை என்ஜின்எக்ஸ் படிக்கவே படிக்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: உபுண்டுவில் இரண்டும் டீஃபால்டாக ஒரே எச்டிஎம்எல் ஃபோல்டரைத்தான் பார்க்கின்றன. அப்பாச்சி விட்டுப்போன இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்லை என்ஜின்எக்ஸ் எடுத்துக் காட்டும். “அப்பாச்சியை நிறுத்திட்டேனே, இன்னும் அதே பக்கம் வருதே” என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள், கர்லோடு பெரிய ஐ (-I) கொடுத்து, பதிலில் வரும் சர்வர் வரியைப் பார்த்தால் யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

மாறினால் ஐபிவி6-ஐயும் (ஐபிவி4-க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை) கவனியுங்கள். தளத்தின் பிளாக்கில் (என்ஜின்எக்ஸில் விர்ச்சுவல் ஹோஸ்ட் மாதிரியானது) ஐபிவி4-க்கான லிசன் 80 மட்டும் இருந்து, டீஃபால்ட் பிளாக்கில் ஐபிவி6-க்கும் லிசன் இருந்தால், ஐபிவி4-இல் போகும் கடை பிராட்பேண்டில் சேலை வரும், ஐபிவி6-இல் போகும் வாடிக்கையாளரின் மொபைல் டேட்டாவில் வேறு பக்கம் வரும். அப்பாச்சியில் நட்சத்திரக் குறியோடு 80 எழுதினால் இரண்டும் அடங்கிவிடும். மீன் விலை பிரச்சினைக்காக மட்டும் சர்வரையே மாற்றுவது வீண் வேலை என்பது என் கணக்கு.

403 மட்டும் வந்தால் ஃபைல் பெயரின் முதல் எழுத்தை ஒருதரம் பாருங்கள். விண்டோஸிலிருந்து ஏற்றியபோது பெரிய ஐயில் (I) தொடங்கியிருந்தால் லினக்ஸுக்கு அது வேறு ஃபைல். பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள், கான்ஃபிகரேஷனைத் தொடவே வேண்டாம்.