அத்தான், ஒண்ணு கொண்டு வருவியளா? பாட், டிஸ்போசபிள், சூயிங்கம்: ஒரு ஷார்ஜாக்காரனின் கணக்கு

லீவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குமரி மாவட்டத்துக் கருங்கலில் இருந்து மச்சினன் போன் பண்ணினான். வழக்கமாகக் கேட்கிற கோடாலித் தைலம், பேரீச்சை, பிஸ்தா எதையும் கேட்கவில்லை. "அத்தான், நீங்க இழுக்கியளே ஒரு குட்டி சாதனம், அதுல எனக்கும் ஒண்ணு கொண்டு வருவியளா?" என்றான். நான் இழுக்கிற மின்சிகரெட்டைத்தான் கேட்டான். வயது முப்பத்து நாலு. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் காலியாக்குகிறவன். பள்ளிக்கூடப் பையனோ, புகையே தொடாதவனோ கேட்டிருந்தால் அதோடு போனை வைத்திருப்பேன். இவன் விட்டுவிட வேண்டும் என்று மூன்று முறை முயன்று தோற்றவன். அதனால் 'முடியாது' என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. அன்று அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்தியாவில் இந்தச் சாமானுக்கு விளம்பரமும் குற்றம் என்பது ஒரு காரணம். பெயரை விட வகைதான் முக்கியம் என்பது அடுத்தது. ஷார்ஜா ரோலா பக்கத்துக் கடைகளில் கண்ணாடிப் பெட்டி நிறைய நூறு பெயர் இருக்கும். உள்ளே இருப்பது இரண்டே ஜாதி: தீர்ந்தால் தூக்கிப் போடுவது ஒன்று, தீர்ந்தால் நிரப்புவது ஒன்று.

தூக்கிப் போடுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிஸ்போசபிள் வாங்கினால் படிக்க வேண்டியது எதுவும் இல்லை. உறையைக் கிழி, இழு, அவ்வளவுதான். எங்கள் ரூமில் ஆறு பேரில் நாலு பேர் அதில்தான் தொடங்கினார்கள், நானும்தான். மாம்பழம், தர்பூசணி, ஐஸ் என்று வாசனை. பெட்டியில் ஆயிரக்கணக்கில் பஃப், அதாவது இழுப்பு, என்று போட்டிருப்பான், எண்ணிப் பார்த்தவன் யாரும் இல்லை. எனக்கு அதில் இருந்த சங்கடம் வேறு. நிக்கோடின் அளவு கம்பெனிக்காரன் அடைத்ததுதான். இன்று கொஞ்சம் குறைப்போம் என்றால் வழியே இல்லை. தீர்ந்ததும் நல்ல லித்தியம் பேட்டரி ஒன்றைக் குப்பையில் போட வேண்டும். அந்தக் குப்பையைப் பார்த்துத்தான் பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதலும், பிரிட்டன் அதே ஆண்டு ஜூன் 1 முதலும் டிஸ்போசபிள் விற்பனையை நிறுத்தின. அந்த நாடுகளில் நிரப்புகிற வகை இன்னும் கடையில் இருக்கிறது.

இனி அந்த நிரப்புகிற வகை. மச்சினன் குட்டி சாதனம் என்றது இதைத்தான். பார்க்கத் தடித்த பேனா மூடி மாதிரி, சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். கீழே பேட்டரி, மேலே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் குப்பி. அந்தக் குப்பிக்குப் பெயர்தான் பாட். அதில் பெரும்பாலும் 2 மில்லி பிடிக்கும். உள்ளே பஞ்சு, பஞ்சை ஒட்டிச் சல்லடை போல ஒரு கம்பி, அதற்குப் பெயர் காயில் (coil). இழுத்ததும் கம்பி சூடாகி, பஞ்சில் ஊறிய லிக்விட் ஆவியாகிறது. எரிவது ஒன்றும் இல்லை. சிகரெட்டில் தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால்தான் வருகின்றன. இதற்காக ஆவி வெறும் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. நிக்கோடின் அப்படியே இருக்கிறது, சூடாகும்போது உண்டாகிற வேறு ரசாயனங்களும் இருக்கின்றன. வருஷக்கணக்கில் இழுத்தால் நுரையீரல் என்ன ஆகும் என்று முழுக் கணக்குப் போடும் அளவுக்கு இது பழைய சாமான் இல்லை.

இந்தப் பாட் வகைக்குள்ளும் இரண்டு விதம். ஒன்றில் காயிலை மட்டும் கழற்றி மாற்றலாம், குப்பி பழையதே ஓடும். இன்னொன்றில் காயில் குப்பியோடு சேர்ந்தே வரும், கருகினால் குப்பியையே மாற்ற வேண்டும். செலவுக் கணக்கில் முதலாவது மிச்சம். ஆனால் காயில் மாட்டும் இடத்தில் ரப்பர் வளையம் கொஞ்சம் விலகினாலும் கசியும். டக்ட் வேலைக்கு மேலே ஏறி இறங்கும் என்னைப் போன்றவன் பையில் அது கசிந்து, போனும் சட்டையும் இனிப்பு நாற்றம் அடித்து, மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது ஒரு கதை. அதற்குப் பிறகு குப்பியோடு மாற்றுகிறதற்கே வந்துவிட்டேன். திரும்பத் திரும்ப நிரப்பி ஒரு குப்பி எனக்குப் பத்து நாள் ஓடியது. ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு முதலாவதே போதும் என்பேன்.

புதிதாய் வாங்குகிறவன் எல்லாரும் செய்கிற தப்பு, நிரப்பியதும் இழுப்பது. பஞ்சு ஊற ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். காய்ந்த பஞ்சு கருகினால் தொண்டையில் துணி எரிந்த ருசி வரும், அந்தக் காயில் அதோடு முடிந்தது. லிக்விட்டிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்) அதிகமாக இருந்தால் கெட்டி, பி.ஜி. (புரோப்பிலீன் கிளைக்கால்) அதிகமாக இருந்தால் நீர்த்தது. மின்தடை 1 ஓமுக்கு மேல் உள்ள சின்னக் காயிலில் கெட்டியை ஊற்றினால் பஞ்சுக்கு ஏறாது, பாதிக்குப் பாதி கலந்ததுதான் சரிப்படும். நிக் சால்ட் என்று எழுதியிருந்தால் நிக்கோடினோடு அமிலம் சேர்த்திருக்கிறான் என்று அர்த்தம். தொண்டையைக் கீறாது. கீறாததே ஆபத்தும்கூட, அளவு கூடுவது தெரியாது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சாதனத்தை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது லிக்விட் இருக்கையில் இருக்கும். ஆகஸ்ட் மாத ஷார்ஜா வெயிலைக் கேட்க வேண்டுமா. அந்தப் பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது.

இவ்வளவு தொல்லைக்கும் பாட் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அளவு என் கையில் இருந்தது. மில்லிக்கு 20 மில்லிகிராமில் தொடங்கினேன். ஐரோப்பாவில் அதுதான் உச்ச வரம்பு. 2 மில்லிக் குப்பிக்கு 40 மில்லிகிராம் நிக்கோடின். மூன்று மாதம் கழித்து 10-க்கு வந்தேன். அப்புறம் 6, பின்னே 3. படிக்கட்டு மாதிரி. டிஸ்போசபிளில் இந்தப் படிக்கட்டே கிடையாது, மொட்டை மாடியிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் படி இறங்கும்போது ஒரு ஏமாற்றும் நடக்கும். 20-ல் இருந்து 10-க்கு வந்த வாரம் நான் நிரப்பியது இரட்டிப்பாகிவிட்டது. உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, வாய் சும்மா இருப்பதில்லை. சிகரெட் என்றால் பஞ்சு வரைக்கும் வந்ததும் அணைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவோம். அதற்கு ஒரு முடிவு உண்டு. பாட் என்றால் முடிவு கிடையாது. படுக்கையில் தலையணைக்கு அடியிலும் அதுவே கிடக்கும். பஃப் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் குப்பியை நிரப்புவதில்லை என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் கட்டுக்குள் வந்தது.

இது என் ஒருத்தனுக்கு மட்டும் நடந்ததில்லை. பிரிட்டனில் 886 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2019-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நிரப்புகிற மின்சிகரெட், பாதிப் பேருக்கு நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்ற நிக்கோடின் மருந்து. இரு தரப்புக்கும் வாராவாரம் ஆலோசனையும் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மின்சிகரெட் தரப்பில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், மருந்துத் தரப்பில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. மச்சினனிடம் இதைச் சொன்னதும் "பின்னே என்ன அத்தான், கொண்டு வாருங்க" என்றான். பொறு மக்கா, அடுத்த வரி இருக்கிறது. சிகரெட்டை விட்டவர்களில் மின்சிகரெட் தரப்பில் 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருடம் முடிந்தும் சாதனத்தை விடவில்லை. மருந்துத் தரப்பில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். பாட் சிகரெட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. கம் சிகரெட்டைப் பிடுங்க அதிகம் தடுமாறுகிறது, பிடுங்கிவிட்டால் தானும் எழுந்து போய்விடுகிறது.

அந்தக் கம்மைப் பற்றி. நாகர்கோவில், மார்த்தாண்டம் மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 2 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம், 4 மில்லிகிராமுக்கு வேண்டும். காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்ற வைக்கிறவனுக்கு 4 என்பதும், மற்றவர்களுக்கு 2 என்பதும் பொது விதி. 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோடின் மருந்தும் சேர்ந்திருக்கிறது. இதை சாதாரண பபிள்கம் மாதிரி மென்றவன் விக்கல் எடுத்து, வயிற்றைப் பிரட்டி, 'இது சரிப்படாது' என்று துப்பிவிடுவான். நானும் முதல் நாள் அப்படித்தான். மெதுவாக நாலைந்து கடி, மிளகு கடித்தது போல எரிப்பு வந்ததும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். எரிப்பு அடங்கினால் மறுபடி இரண்டு கடி. இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் கன்னத்துத் தோல் வழியாகத்தான் ஏறுகிறது, விழுங்கினால் வயிறுதான் வலிக்கும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அப்புறம் இடைவெளி கூட்டிக்கொண்டே போய் மொத்தம் பன்னிரண்டு வாரம்.

பாட்டோடு வைத்துப் பார்த்தால் கம்முக்கு இரண்டு குறை. சிகரெட்டோ பாட்டோ இழுத்த சில நொடியில் மூளைக்குப் போய்விடும், கம் ஏற இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆசை வந்த பிறகு வாயில் போட்டால் வண்டி போன பிறகு டிக்கெட் எடுத்த மாதிரி, மணி பார்த்து முன்கூட்டியே போட வேண்டும். இரண்டாவது குறை நம்ம ஊருக்கென்றே செய்தது: சாயா. கட்டன், அதாவது பால் விடாத சாயா, குடித்துக்கொண்டே கம் மென்றால் நிக்கோடின் சரியாக ஏறாது. போடுவதற்கு முந்தின கால் மணி நேரமும் வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. கருங்கல் சந்தியில் கட்டனும் சிகரெட்டும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை. சிகரெட்டை விடுகிறவன் கட்டனையும் தள்ளி வைக்க வேண்டும் என்றால், பாதிப் பேர் அங்கேயே தோற்பார்கள். பல் செட் வைத்த பெரியவர்களுக்கும் கம் ஆகாது, அவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற பேட்ச் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

ஷார்ஜா ரூமுக்குள் மட்டும் போட்டி வைத்தால் என் தீர்ப்பு இப்படி இருக்கும்: சிகரெட்டை விட முடியாமல் கிடக்கிற வயது வந்தவனுக்கு நிரப்புகிற பாட் முன்னால், கம் பின்னால், டிஸ்போசபிள் வெகு தூரத்தில். ஆனால் நாம் ஒரு ரூமில் வாழ்கிறவர்கள் இல்லையே. கடலுக்கு அந்தப் பக்கம் பதினொரு மாதம், இந்தப் பக்கம் ஒரு மாதம்.

2019-ஐத் திரும்பிப் பாருங்கள். ஏப்ரலில் அமீரகம் மின்சிகரெட் விற்பனையை விதிமுறையோடு அனுமதித்தது. செப்டம்பர் 18 அன்று இந்தியா அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது, டிசம்பரில் அதுவே நாடாளுமன்றச் சட்டம் ஆனது. ஐந்து மாத இடைவெளியில் ஒரு கதவு திறந்து ஒரு கதவு மூடியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லல், விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாம் இதில் அடங்கும். முதல் தடவை மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்று வருடமும் ஐந்து லட்சமும் வரை போகும். சேமித்து வைத்ததற்கு மட்டும் ஆறு மாதம், ஐம்பதாயிரம் வரை. திருவனந்தபுரத்தில் இறங்கி சுங்கத்தின் பச்சை வழியில் நடக்கும்போது பெட்டிக்குள் மச்சினனுக்கு என்று ஒன்று இருந்தாலும் அது இறக்குமதிதான். கத்தாரில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு இது புதிதில்லை, அங்கேயும் தடைதான். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

'அப்படியானால் இங்கேயே ரகசியமாகக் கிடைக்குமே' என்பான் ஒருத்தன். கிடைக்கலாம். லிக்விட்டில் என்ன கலந்திருக்கிறான் என்று கேட்க ஆளிருக்காது. அமெரிக்காவில் 2019-ல் கள்ளச் சந்தை குப்பிகளில் கஞ்சா எண்ணெயோடு வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்து விற்றதே பெரும் காரணமாக, அடுத்த பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். கடையில் முத்திரையோடு வாங்குவதற்கும் சந்துக்குள் கைமாறுவதற்கும் உள்ள தூரம் அது.

எனக்கே இது கணக்கை மாற்றியது. லீவுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் பாட்டை லாக்கரில் பூட்டிவிட்டு வந்து, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பழைய சிகரெட்டையே வாங்கிக்கொண்டிருந்தேன். பதினொரு மாதம் இறங்கிய படிக்கட்டை ஒரு மாதத்தில் ஏறிவிடுவேன். இந்த முறை 3 மில்லிகிராமுக்கு வந்த பிறகு, ஷார்ஜாவிலேயே கம்முக்கு மாறிப் பழகிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். குப்பியைக் காலி செய்து கழற்றி வைத்துவிட்டு வந்தேன். நிரப்பியதை அப்படியே விட்டால் ஒரு மாதச் சூட்டில் லாக்கர் நாறிவிடும்.

மச்சினனுக்குக் கொண்டு வந்தது கோடாலித் தைலமும் பேரீச்சையும்தான். கம் இங்கேயே வாங்கினோம். 1800-11-2356 என்ற அரசு எண்ணுக்கும் அவனையே கூப்பிட வைத்தேன். புகையிலையை விட நினைக்கிறவர்களுக்கான இலவச எண் அது, தமிழில் பேசலாம். அவன் எழுந்ததும் பற்ற வைக்கிற ஜாதி, அதனால் டாக்டரைப் பார்த்து 4 மில்லிகிராம்.

நேற்று சாயங்காலம் சந்தியில் இருந்தான். ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. முன்னால் கட்டன் ஆறிப் போயிருந்தது. கடைக்காரர் "என்ன பிள்ளே, சாயா குடிக்கலியா?" என்று கேட்க, வாயைத் திறக்காமல் கைக்கடிகாரத்தைக் காட்டி, இன்னும் பத்து நிமிடம் என்று பத்து விரலையும் விரித்தான்.