பைனாகுலரா, ரேடியோவா? செயற்கைக்கோள் பார்க்க எதை வாங்கலாம்

கையைக் கடிக்காத வழிகள் இரண்டு: 10×50 பைனாகுலரும் ஸ்டாப்வாட்சும் ஒன்று, செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைக் கேட்க, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்ற குட்டி ரேடியோவும் ஆண்டெனாவும் இன்னொன்று. நான் இரண்டையும் வாங்கினேன். இப்போது மொட்டை மாடிக்கு என்னோடு வருவது பைனாகுலர்தான்.

ரேடியோவுக்கு மேகமும் பகலும் தடையில்லை, விலையும் குறைவு. பைனாகுலருக்கோ நமக்கு இருட்டாகவும் மேலே போவதன்மீது வெயிலாகவும் இருக்க வேண்டும். தாழ்வான சுற்றுப்பாதை என்றால் அந்திக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரம், விடியலுக்கு முன் அதே அளவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் போச்சு.

சரி, அப்புறம் ஏன் பைனாகுலர்? ரேடியோவில் கேட்க வேண்டுமென்றால் மேலே இருப்பது பேச வேண்டும், அதாவது சிக்னல் அனுப்ப வேண்டும். சுமார் 53 செ.மீ. கம்பிகள் இரண்டை 120 டிகிரி ஆண்டெனாவாக விரித்து வைத்தால் போதும், 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா 15, 18, 19 அனுப்பிய படம் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வருபவர்கள் டாங்கிள் வாங்கியதே பெரும்பாலும் அதற்காகத்தான். 2025இல் மூன்றுமே ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் வானிலைச் செயற்கைக்கோள் மீட்டியார்-எம் உண்டு, கியூப்சாட் எனும் குட்டிப் பெட்டிச் செயற்கைக்கோள்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் ஒருநாள் இதே கதிதான்.

செயற்கைக்கோளை ஏற்றிவிட்டு அங்கேயே சுற்றும் ராக்கெட் அடுக்குகளோ வேலை முடிந்ததும் ஊமை. அவை கண்ணுக்குத்தான் சிக்கும். எனக்குப் பிடித்தவை ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகள். விண்வெளிப் பொருள்களின் பட்டியலில் எஸ்எல்-16 என்று இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 9 டன், 11 மீட்டர் நீளம். பல 840 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. பைனாகுலரில் சுலபமாகத் தெரியும். குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும் அடுக்கு கிடைத்தால் இன்னும் சுவாரசியம்: பளிச்சென்று மின்னும், மங்கும், மறுபடி மின்னும். பத்து மின்னலுக்கு ஆன நேரத்தைப் பத்தால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். நீள உருளை என்பதால் ஒரு முழுச் சுற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மின்னல்.

எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று குறிப்பதும் எளிது. பாதையில் அருகருகே இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை முன்பே பார்த்து வைத்து, அவற்றுக்கு நடுவே கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். விநாடிக்கு 7.5 கி.மீ. வேகம், 0.1 விநாடி பிசகினால் 750 மீட்டர் தள்ளிப்போகும். பொதுப் பட்டியலில் இல்லாத உளவு செயற்கைக்கோள்களின் பாதையைக்கூட அமெச்சூர்கள் இப்படிக் கணித்திருக்கிறார்கள்.

ரேடியோவைக் குறைத்துச் சொல்லவில்லை. 2005 டிசம்பரில் நாசாவின் தொடர்பை இழந்த இமேஜ் செயற்கைக்கோள் மறுபடி பேசுவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தவர் ஸ்காட் டில்லி என்ற ரேடியோ அமெச்சூர். டாப்ளர் மாற்றத்தை, அதாவது நெருங்கும்போதும் விலகும்போதும் சிக்னலின் அதிர்வெண் மாறுவதை வைத்துப் பாதை கணிப்பதை நான் செய்து பார்த்ததில்லை. அதில் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

உங்கள் மாடியில் தெருவிளக்கு நேராக அடிக்கிறது, அடுக்குமாடிகள் வானத்தை மறைக்கின்றன என்றால் யோசிக்காமல் டாங்கிள் வாங்குங்கள். பைனாகுலர் என்றால், கடலோர ஊர்க்காரர்கள் அதை மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்.