பேக் லைனிங் மாத்தக் குடுக்குறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

அம்மா வேலைக்குப் போன காலத்துல வெச்சிருந்த லெதர் ஹேண்ட்பேக். தோல் இன்னும் கல்லு மாதிரி இருக்கு, உள்ள லைனிங் தான் போச்சு. கோட்டிங் போட்ட லைனிங் எல்லாம் நம்ம சென்னை ஈரக்காத்துக்கு சில வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி உரிய ஆரம்பிச்சிடும், கையை விட்டா விரல் நுனி பூரா கருப்பு கருப்பா துகள் ஒட்டும்.

தி.நகர் பக்கம் ஒரு பேக் ரிப்பேர் கடையில குடுத்தேன். "பழசைப் பூரா பிரிச்சுட்டு புது காட்டன் துணி வெச்சுத் தெச்சுத் தரேன் மேடம், 700 ரூபா, ரெண்டு நாள்"னார். 400 அட்வான்ஸ் குடுத்தேன். ரெண்டு நாள் பதினோரு நாள் ஆச்சு. வாங்கப் போனப்ப ஒரே கூட்டம், ஜிப்பைத் திறந்தேன், புதுத் துணி பளிச்சுன்னு தெரிஞ்சுது, மீதி 300 குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுல வந்து திறந்தா சொல்யூஷன் வாடை குப்புன்னு அடிக்குது. நாலாம் நாள் அடியில துணி சுருண்டு எழும்புச்சு, பிடிச்சு இழுத்தா கீழ அதே பழைய லைனிங்! அது மேலயே பசை தடவி ஒட்டியிருக்கார், தையல் வாய்ப்பக்கம் மட்டும்தான். உள்ள இருந்த சின்ன ஜிப் பாக்கெட்டையும் சேத்து மூடிட்டார். துணியும் காட்டன் இல்ல, வழவழன்னு குடைத்துணி.

அதெல்லாம் கூட போகட்டுங்க, தோல்ல பண்ணதுதான் தாங்கல. துணியில ஊசி போன தடம் துவைச்சா பெரும்பாலும் மறைஞ்சிடும், தோல்ல குத்துனா குத்துனதுதான், ஆயுசுக்கும் மூடாது, அதனால பழைய ஓட்டையிலயே கையால ஊசி விட்டுத் தெக்கணும் இல்லன்னா மிஷின் வீலைக் கையால சுத்தி ஒவ்வொரு ஓட்டையா இறக்கணும். இவர் பழைய ஓட்டைக்குப் பக்கத்துலயே சரசரன்னு மிஷினை ஓட்டியிருக்கார். நெருக்கமா ரெண்டு வரிசை ஓட்டை, கைப்பிடி கிட்ட ஸ்டாம்ப் ஓரம் மாதிரி கிழியுது. அதைப் பாத்து அம்மா ஒண்ணுமே சொல்லல, தடவித் தடவிப் பாத்துட்டு உள்ள வெச்சுட்டாங்க.

திரும்பப் போய்க் கேட்டா "பழைய பேக்னா அப்படித்தாம்மா"ங்கறார், பில்லும் கிடையாது.

அப்புறம் எங்க தெரு டெய்லர் அக்கா தான் சரி பண்ணாங்க. வாய்த் தையலைப் பிரிச்சு பழைய லைனிங்கை முழுசா வெளிய எடுத்து, அதையே அளவா வெச்சு புதுத் துணியை வெட்டுனாங்க, அதுக்கு முன்னாடி அந்தத் துணியை நனைச்சுக் காயப்போட்டு சுருங்க விட்டாங்க. தனியா ஒரு பை மாதிரி தெச்சு உள்ள இறக்கி, வாயைக் கையாலயே தெச்சாங்க. ஒரு சொட்டு பசை இல்ல. 350 தான் வாங்குனாங்க. கிழிஞ்ச இடத்துல உள்பக்கம் ஒரு தோல் பட்டை வெச்சிருக்காங்க, கனமா எதுவும் போடாதீங்கன்னு சொல்லிருக்காங்க.

குடுக்கும்போதே உள்ளயும் வெளியவும் போட்டோ எடுத்துக்குங்க. பிரிச்ச பழைய லைனிங்கைக் கையில குடுக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, அதைக் காட்டலன்னா மீதிப் பணம் குடுக்காதீங்க. வாங்கும்போது அடித்துணியைப் பிடிச்சு வெளிய இழுங்க, தெச்சதுன்னா பை மாதிரி வெளிய வரும், ஒட்டுனதுன்னா நகராது.