பழைய எம்.ஜி.பி. காரைப் பட்டறையில் விடுவதற்கு முன்: எங்களை ஏமாற்றிய விதம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பிள்ளையோடு சேர்ந்து சீர்செய்யும் ஆசையில் இருப்பவர்களுக்காக, அதிலும் குறிப்பாக இங்கிலாந்தில் அதன் தகர வேலையை வெளிப் பட்டறையில் கொடுக்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பதினாறு வயது மகனும் புதுப்பித்துவரும் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த காரின் அடிப்பக்கத் தகரங்களை முழுவதும் மாற்றித் தருவதாகச் சொல்லி 4,800 பவுண்டு வாங்கிய ஒரு பட்டறை, துருப்பிடித்த பழைய தகரத்தை அகற்றாமலேயே அதன்மேல் புதுத் தகடு போர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. வேலை நடப்பதற்குச் சான்றாக அவர்கள் அனுப்பிய படங்களும் வேறு யாருடைய காரிலோ எடுத்தவை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் பட்டறையின் பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை ஒரு பட்டறைக்கு மட்டும் உரியதல்ல என்று இந்தத் துறையில் பழுத்தவர்கள் சொல்வதால், அந்த முறையை விரிவாக எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டனில் தயாரான கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானதால், உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. முதன்முதலாகக் கார் வேலையில் கைவைக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதிலுள்ள 1798 சிசி எஞ்சின், மதுரையில் என் அப்பா பல ஆண்டுகள் ஓட்டிய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினுக்கு உடன்பிறப்பு, இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் 'பி சீரிஸ்' எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வால்வு இடைவெளியைச் சரிசெய்வது எப்படி என்று தாத்தா வீடியோ அழைப்பில் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்ததையும், அவன் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் சமையலறை மேசையில் பிரித்து, துடைத்து, மறுபடி கோத்ததையும் பார்த்தபின், இந்தக் காரை எத்தனை காலம் எடுத்தாலும் முடித்தே தீருவது என்று முடிவுசெய்தேன். எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் நாங்கள் செய்வது, வெல்டிங்கை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். உயிர் காக்கும் பகுதியில் பழகிப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதற்குக் காரணம்.

அந்தப் பகுதியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் தனிச் சேஸி, அதாவது தனியான அடிச்சட்டம், கிடையாது. உடல் தகரமே சேஸியாகவும் வேலை செய்கிறது. மேற்கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற பகுதிக்கு உரியது. அதுதான் வண்டியின் முதுகெலும்பு. அந்தப் பெட்டி வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, உள்தகடு என்று அடுக்குகளால் ஆனது. அதன் அடியில் இன்னொரு தாங்கு தகடும் உண்டு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இந்த அடுக்குகளுக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இதை முறையாக மாற்றுவது நேரம் பிடிக்கும் வேலை. சில்லின் முன்முனை முன்பக்க மட்கார்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் அதைக் கழற்ற வேண்டும். பின்முனை பின்பக்க மட்கார்டுக்குள் போவதால் அதன் கீழ்ப்பகுதியை வெட்டியெடுக்க வேண்டும். தகரத்தை வெட்டும் முன் உடல் தொய்ந்துவிடாதபடி கதவு வாயில் குறுக்குச் சட்டம் பிடித்து, வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் இவை அத்தனையும் வரிக்கு வரி எழுதப்பட்டிருந்தன. இரண்டு பக்கமும் எல்லா அடுக்குகளும் புதிது, முன் மட்கார்டு கழற்றி மாட்டுவது, துருவைத் தடுக்க உள்ளே மெழுகு பீய்ச்சுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள். நேரில் பேசியவரும் எங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியான பதிலையே சொன்னார். செய்ய வேண்டிய முறை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்த தவறு என்று இதை நான் ஏற்க மறுப்பது அதனால்தான்.

வேலை தொடங்கிய பிறகு பட்டறைக்கு வந்து பார்க்க அனுமதி கேட்டபோதெல்லாம், காப்பீட்டு விதி தடுக்கிறது என்றும் பதிலாகப் படம் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள். படங்களும் வந்தன: வெட்டித் திறந்த சில், பளபளக்கும் புதுத் தகடு, ஒழுங்கான வெல்டிங் புள்ளிகள். வண்டி வீட்டுக்கு வந்தபோது சிவப்புப் பெயிண்ட் மின்னியது. அடிப்பக்கம் முழுவதும் தார் போன்ற கறுப்புப் பூச்சு தடிமனாக அப்பியிருந்தது.

முதல் சந்தேகம் மகனுக்குத்தான் வந்தது. பின் பிரேக் வேலைக்காக ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கியிருந்தபோது அந்தப் பக்கக் கதவைத் திறக்கப் போனவன், "அம்மா, கதவு இடிக்குது, வண்டியைக் கீழ இறக்கினா சரியா திறக்குது" என்றான். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து, வண்டி தரையில் நிற்கும்போது ஒரு அளவாகவும் ஜாக்கியில் தூக்கும்போது மேல்பக்கம் நெருங்கியும் இருந்தது. சில் உறுதியாக இருந்தால் இந்தச் சந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறக் கூடாது. பிறகு குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து சில் நெடுக வைத்துப் பார்த்தான். நடுப்பகுதியில் பற்றியது, இரு முனைகளிலும், அதாவது தகடு மட்கார்டுக்குள் நுழைய வேண்டிய இடங்களில், நிற்காமல் விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டிதான் இருந்தது.

அன்றிரவு அவன் படங்களைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். எங்கள் கார் இன்று சிவப்பாக இருந்தாலும் தொழிற்சாலையிலிருந்து நீலமாக வந்தது. கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் சான்றிதழில் அது எழுதியிருக்கிறது, கதவு மடிப்புகளிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் அந்த நீலம் இன்னும் தெரிகிறது. பட்டறை அனுப்பிய படங்களில் வெட்டிய தகரத்தின் உட்புறம் வெள்ளை. அதைக் காட்டியபோது அவன் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. பெரியவர்கள் எழுத்தில் கொடுத்த வாக்கை அவன் முழுவதுமாக நம்பியிருந்தான்.

வேறொரு மாவட்டத்தில் தனியாகத் தொழில் செய்யும் வெல்டர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். எதையும் வெட்டுவதற்கு முன் அவர் எல்லாக் கோணத்திலும் படமெடுக்கச் சொன்னார். பின்னால் எங்கள் கோரிக்கைக்கு அது பெரிய துணையானது. மேல்தகட்டை எடுத்ததும் அடியில் பழைய சில் அப்படியே இருந்தது. கைவைத்த இடமெல்லாம் அது உதிர்ந்தது. நடுத்தகட்டின் கீழ்விளிம்பு காணவே இல்லை. முனைகளில் இருந்த ஓட்டைகளை நுரைப்பசையால் அடைத்து, அதன்மேல் பட்டி இழைத்திருந்தார்கள். முன் மட்கார்டின் போல்ட்டுகளில் பழைய நீலப் பெயிண்ட் கீறலின்றி இருந்ததால், அதைக் கழற்றவே இல்லை என்பதும் உறுதியாயிற்று; கழற்றி மாட்டியதற்குப் பில்லில் தனித்தொகை வாங்கியிருந்தார்கள். உள்ளே போகும் நீர் வெளியேற வழியில்லாதபடி மூடிவிட்டதால், அவர்கள் செய்த வேலை வண்டியை முன்பிருந்ததைவிட வேகமாக அரிக்கத் தொடங்கியிருந்தது.

எனக்கு ஆறாத கோபம் பணத்தைப் பற்றியதல்ல. இந்நாட்டில் நாற்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சாலைக்குத் தகுதியாக வண்டியை வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரையே சேர்கிறது. அப்படியானால், அந்தப் பட்டறைக்குப் பிறகு இந்தக் காரை வேறு எந்தச் சோதனையாளரும் அடியில் நின்று பார்க்காமலேயே, பதினேழு வயதானதும் என் மகன் இதை ஓட்டிக்கொண்டு சாலைக்குப் போயிருக்க முடியும். பக்கவாட்டில் ஒரு வண்டி மோதினால் அவனுக்கும் அந்த வண்டிக்கும் இடையே நுரையும் பட்டியும்தான் இருந்திருக்கும். காரை ஒப்படைக்கும்போது, "பையன் ஓட்டப்போகிறானா, நல்லது" என்று அந்தப் பட்டறைக்காரர் சிரித்தபடி சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகார் சொன்னபோது முதலில் மறுத்தார்கள், பிறகு படங்கள் தவறுதலாக மாறிவிட்டன என்றார்கள், பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்தினார்கள். இந்த நிலையில் எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மீண்டும் சரியாகச் செய்து தரக் கேட்கலாம், அது இயலாதபோது விலையைக் குறைக்கக் கேட்கலாம். முன்பணமாக 500 பவுண்டை நான் கிரெடிட் கார்டில் நேரடியாகப் பட்டறைக்குச் செலுத்தியிருந்தேன், மீதி வங்கிப் பரிமாற்றம். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், ஒரு பகுதியை மட்டும் கார்டில் செலுத்தியிருந்தாலும் முழு ஒப்பந்தத்துக்கும் கார்டு நிறுவனம் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பலருக்கு இது தெரிவதில்லை. எங்கள் கோரிக்கையைக் கார்டு நிறுவனம் இப்போது பரிசீலித்துவருகிறது. அது கைகொடுக்காவிட்டால் நீதிமன்றத்தின் சிறுதொகை வழக்குப் பிரிவு இருக்கிறது. 10,000 பவுண்டு வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போகலாம். அதற்குமுன் பட்டறைக்கு முறையான முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆலோசனை மையத்தில் இலவசமாகவே வழிகாட்டினார்கள்.

இப்போது இதே வேலையைக் கொடுக்கவிருப்பவர்கள், பழைய தகரத்தை வெட்டியபின்னும் புதுத் தகட்டை மூடுமுன்னும் நேரில் வந்து பார்ப்போம் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்தப் பட்டறை வேண்டாம். படம் அனுப்பினால் உங்கள் வண்டியின் எண் தகடோ உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளமோ அதே படத்தில் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். வெட்டியெடுத்த பழைய தகரங்களைத் திருப்பிக் கேளுங்கள். உண்மையாக வெட்டியவரிடம் அவை இருக்கும். வெல்டிங்கைப் பார்த்துத் திருப்தியடையும் வரை அடிப்பக்கத்தில் கறுப்புப் பூச்சு அடிக்க விடாதீர்கள். விலக்கு இருந்தாலும் வண்டியை விருப்பத்தின்பேரில் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோகலாம், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருத்தங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் தகரம் வலுவிழக்கும் அளவு துரு இருந்தால் அங்கே தேற விடமாட்டார்கள்.

எங்கள் வண்டியில் புது வெல்டர் ஒரு பக்கத்தை முடித்துவிட்டார். ஒவ்வொரு அடுக்கையும் பொருத்துமுன் மகனை அழைத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறார். மறுபக்கத்தைத் திறந்ததும் அங்கே என்ன இருக்கிறது என்பதையும் கார்டு நிறுவனத்தின் முடிவையும் இங்கேயே எழுதுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் சில் மாற்றிய எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் இதற்கிடையே ஒரு காந்தத்தை எடுத்து இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்.