பெர்லில் ஃபைல் ஹேண்டிலை நம் வழிக்குக் கொண்டுவர: டையா, லேயரா, ஃபோர்க்கா?

பெர்ல் ஸ்கிரிப்ட் வெளியே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் சேர வேண்டும், ஆனால் உள்ளே இருக்கிற பிரிண்ட்களில் ஒன்றையும் தொடக்கூடாது. இதே வேலையை மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலில் டை. ஹேண்டிலை (ஸ்கிரிப்ட் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் ஃபைல் அல்லது திரை இணைப்பை) ஒரு கிளாஸோடு கட்டிவிட்டால், அதில் பிரிண்ட் செய்யும்போதெல்லாம் அந்த கிளாஸின் பிரிண்ட் மெத்தட் ஓடும், வரி படித்தால் ரீட்லைன் மெத்தட் ஓடும். கொடுத்த ஆர்க்யுமெண்ட்கள் தனித்தனியாகக் கைக்கு வருவதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவற்றை ஒட்டுவதும் கடைசியில் டாலர்-பேக்ஸ்லாஷ் வேரியபிளைச் (ஒவ்வொரு பிரிண்ட்டின் முடிவிலும் ஒட்ட வேண்டியது இதில் இருக்கும்) சேர்ப்பதும் நம் பொறுப்பு. ‘சே’ என்று எழுதினால் பெர்ல் அந்த வேரியபிளில் நியூலைனை வைத்துவிட்டு இதே பிரிண்ட் மெத்தடைத்தான் கூப்பிடும், அதைச் சேர்க்க மறந்தால் எல்லா வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். மெத்தடுக்குள் இருந்து அதே ஹேண்டிலுக்கே பிரிண்ட் செய்தால் அது தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடும், அதனால் கட்டும் முன்பே பழைய ஹேண்டிலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்து லேயர், அதாவது ஹேண்டில் வழியாகப் போகும் டேட்டாவை நடுவில் மாற்றும் அடுக்கு. இது 2002-இல் பெர்ல் 5.8-உடன் வந்தது. என்கோடிங் மாற்றவோ வரி முடிவு மாற்றவோ இதை விட்டு வேறு எதையும் தேடாதீர்கள், ஹேண்டிலுக்கு லேயர் போடும் பின்மோட் ஒரு வரி போதும். சொந்தமாக லேயர் எழுத பெர்ல்ஐஓ வயா என்ற மாட்யூல் இருக்கிறது, ஆனால் அதற்கு வந்து சேருவது முழு வரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. துண்டுகளைச் சேர்த்து வைத்து நாமே வரியாகப் பிரிக்க வேண்டும், நேரம் சேர்க்கிற வேலைக்கு இது வீண் சுமை. அவுட்புட்டை ஒரு வேரியபிளில் பிடிக்க மட்டும்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், ஸ்கேலர் ரெஃபரன்ஸையே, அதாவது அந்த வேரியபிளைச் சுட்டும் குறிப்பையே, ஃபைல் போல ஓபன் செய்யலாம்.

சரி, டை போட்டு எல்லாம் ஓடியது. ஆனால் பெர்லின் ‘சிஸ்டம்’ ஃபங்ஷன் மூலம் கூப்பிட்ட வேறொரு புரோகிராமின் வரிகள் மட்டும் நேரம் இல்லாமல் வந்தன. என் பிரிண்ட் மெத்தடிலேயே தவறு தேடி அரை நாள் போனது! அப்படிக் கூப்பிட்ட புரோகிராம், அதாவது சைல்டு புராசஸ், எழுதுவது ஆபரேட்டிங் சிஸ்டம் தந்த 1-ஆம் எண் டிஸ்கிரிப்டரில் (வழக்கமான அவுட்புட் வழியில்), பெர்லுக்குள் நாம் கட்டிய டை அதற்குத் தெரியவே தெரியாது, லேயரும் அப்படித்தான்.

அங்கேதான் மூன்றாவது வழி. எஸ்டிடி-அவுட்டை (ஸ்கிரிப்டின் வழக்கமான அவுட்புட்டை) பைப்-ஹைஃபன் மோடில் ஓபன் செய்தால் ஸ்கிரிப்ட் ஃபோர்க் ஆகும், அதாவது தன்னைப் போலவே ஒரு சைல்டை உருவாக்கி அதனோடு பைப் என்ற குழாயால் இணையும், அந்த சைல்டு தன் எஸ்டிடி-இன்னில் (இன்புட்டில்) வரி வரியாகப் படித்து நேரம் சேர்த்து எழுதும், யார் எழுதியது என்றாலும் அந்த பைப் வழியாகத்தான் போக வேண்டும். வெளி கமாண்டுகளைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் என்றால் யோசிக்காமல் இதையே எடுப்பேன். முடிவில் எஸ்டிடி-அவுட்டை குளோஸ் செய்யுங்கள், இல்லையென்றால் சைல்டு எழுதி முடிக்கும் முன்பே மெயின் ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும். விண்டோஸில் இந்த மோடு கிடையாது. அப்புறம், பைப் ஆனதும் பெர்ல் வரிக்கு வரி அனுப்பாமல் மொத்தமாகச் சேர்த்து அனுப்பும், எழுதிய நேரத்துக்குப் பதில் அனுப்பிய நேரம் பதிவாகும், எழுதியதை உடனே அனுப்ப வைக்கும் ஆட்டோஃபிளஷை ஆன் செய்ய மறக்காதீர்கள்.